பிக் சர் மாரத்தான்: கடலோரத்து ஒற்றைச் சாலையில் 26.2 மைல்

சான் ஹோசேயிலிருந்து ஓடியவர்:

பிக் சர் மாரத்தானில் ஓட இடம் தரும் குலுக்கலில் பெயர் வந்துவிட்டது, எப்படித் தயாராவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தை எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் இருப்பது ஒரே ஒரு சாலை. ஒரு பக்கம் சான்டா லூசியா மலை, மறுபக்கம் பசிபிக் கடல், இடையில் 1-ஆம் எண் நெடுஞ்சாலை. பக்கத்தில் மாற்றுவழி கிடையாது. இந்த ஓட்டத்தின் அழகும் கஷ்டமும் அந்த ஒற்றைச் சாலையால் வந்தவைதான். 1986 முதல் ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையை அடைத்துவிட்டு, பிக் சரிலிருந்து வடக்கே கார்மல் ஊர் வரை ஓட்டத்தை நடத்துகிறார்கள். காரில் போய் இறங்க முடியாது என்பதால் விடியலுக்கு முன்பே பஸ் ஏற வேண்டும். நாம் திரும்பி ஓடிவர வேண்டிய தூரத்தை எல்லாம் பஸ் இருட்டில் கடந்து போகும். கடல் கண்ணுக்குத் தெரியாது, வளைவுகளும் மேடும் பள்ளமும் மட்டும் உடம்புக்குத் தெரியும். கிளம்பும் இடத்தில் நல்ல குளிர். தூக்கிப் போட்டாலும் மனசு வலிக்காத பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் ஐந்து மைல் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே லேசான இறக்கம். கால் தானாக ஓடும், காற்றே இருக்காது. அங்கே வேகத்தை அடக்கிக்கொள்பவர்கள்தான் பின்பாதியில் ஓடுகிறார்கள். மரங்கள் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கியதும் காற்று முகத்தில் அறையும். வசந்த காலத்தில் அந்தக் கரையில் வடமேற்குக் காற்று அடிக்கும், நாம் ஓடுவதோ வடக்கு நோக்கி. இடது கைப்பக்கம் தனிப் பாறை மேல் பாயின்ட் சர் கலங்கரை விளக்கம். 1889-இல் கட்டியது. அந்தப் பாறை கண்ணை விட்டு மறையவே வெகுநேரம் ஆகும்.

பத்தாவது மைல் வாக்கில் ஜப்பானிய டைகோ மேளம் கேட்கும். ஹரிகேன் பாயின்ட் ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு மைலில் சுமார் 520 அடி ஏற வேண்டும். மேளம் அடிப்பவர்களைத் தாண்டிய பிறகும் அந்த அதிர்வு நெஞ்சுக்குள் இருந்தது, அதன் தாளத்துக்கே காலை எடுத்து வைத்தேன். மேலே போகப் போகக் காற்று வலுத்தது. முன்னால் போன உயரமான ஒருவரின் முதுகை ஒட்டியே ஏறினேன். உச்சியில் திரும்பிப் பார்த்தபோது வந்த வழி முழுவதும் மலையை ஒட்டி வளைந்து கிடந்தது. அவ்வளவு தூரத்தையும் நானே ஓடி வந்திருக்கிறேன் என்று தோன்றியபோது கண் கலங்கிவிட்டது.

இறங்கினால் பிக்ஸ்பி பாலம், சரியாகப் பாதி தூரம். 1932-இல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலம், கீழே ஓடை 260 அடி ஆழத்தில். அதன் முனையில் கோட் சூட் போட்ட ஒருவர் கிராண்ட் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். பலரும் படம் எடுக்க நின்றார்கள், நானும் நின்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேரத்துக்காக ஓட வேறு மாரத்தான்கள் எத்தனையோ உண்டு. அங்கே அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

பாலத்துக்கு அப்புறம் கடைசி வரை மேடும் பள்ளமும்தான். நான் தயாரானது ஃப்ரீமான்ட் ஊரின் மிஷன் பீக் மலையில். ஏறியதை விட இறங்கியதுதான் கைகொடுத்தது. இறக்கத்தில் முன்தொடை பழகாவிட்டால் இருபதாவது மைலுக்கு மேல் ஒவ்வொரு சரிவும் வலிக்கும்.

*

மில்பிடாஸிலிருந்து ஓடியவர்:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கார்மல் ஹைலேண்ட்ஸ் பக்கம் வளைவுகளில் சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஓடினால் இடுப்பும் முட்டியும் கெட்டுவிடும். சாலை நமக்காகவே மூடியிருப்பதால், சமமான இடம் எந்தப் பக்கம் தெரிகிறதோ அங்கே மாறிக்கொள்ளுங்கள். 23-ஆவது மைல் வாக்கில் ஸ்ட்ராபெரி தருவார்கள். ஓடும்போது தெம்புக்கு எடுக்கும் இனிப்பு ஜெல்லாகவே விழுங்கி வெறுத்துப்போன வாய்க்கு அது அமிர்தம். வாங்காமல் போகாதீர்கள். கொடுப்பவர்களுக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள், விடிகாலையிலிருந்து நமக்காக நிற்கிறார்கள்.

மெல்ல ஓடுபவர்கள் ஆறு மணி நேரக் கெடுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையை நம்பி ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். அது நியாயமான கெடு என்றுதான் நினைக்கிறேன். முடித்தவர்களுக்குக் களிமண்ணில் செய்த பதக்கம். கழுத்தில் போட்டுக்கொண்டு எதிலும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

2024-இல் ஓடியவர்:

நான் ஓடிய வருடம் ஓட்டப் பாதையில் பிக்ஸ்பி பாலமே இல்லை. மார்ச் கடைசியில் பாலத்துக்குச் சற்று வடக்கே ராக்கி கிரீக் ஓடை அருகே சாலையின் கடலோரப் பாதி சரிந்து விழுந்துவிட்டது. 2011-இலும் அதே பக்கத்தில் சரிந்ததாம். இரண்டு முறையும் கார்மலிலிருந்து தெற்கே போய்த் திரும்பி வருகிற மாதிரி பாதையை மாற்றினார்கள். பியானோவைக் கேட்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னமும் இருக்கிறது. ஆனால் அதே கடலை இரண்டு தடவை பார்த்தேன். போகும்போது பனிமூட்டம், வரும்போது நல்ல வெயில். எதிரே வந்தவர்கள் எல்லாம் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டே போனார்கள், வழக்கமான பாதையில் அது கிடைக்காது. ஆகவே பதிவு செய்தவர்கள் குளிர்கால மழைக்குப் பிறகு சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதை நெடுக எங்கேயும் அவர்கள் வந்து நின்று பார்க்க முடியாது. கார்மலில் முடிவுக் கோட்டருகே இருக்கச் சொல்லுங்கள். கைபேசி சிக்னல் வழியில் பெரும்பாலும் கிடைக்காது, அதனால் சந்திக்கும் இடத்தை முந்தின நாள் இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.