ஆண் சுண்டெலிகள்: கூண்டு மாற்றிய ராத்திரியே கடிச்சண்டை, அறையில் கண் எரிச்சல்

பாளை_லேப்:

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியின் அனிமல் ஹவுஸ் (ஆய்வு விலங்குகள் வைக்கிற இடம்). சுவிஸ் அல்பினோ ஆண் சுண்டெலிகள், 28 முதல் 32 கிராம், எட்டு வார வயசுல வெளியூர்ப் பண்ணையில் வாங்கினது. 29×22×14 செ.மீ. பிளாஸ்டிக் கூண்டு, ஒன்றுக்கு எட்டு. அடியில் நெல் உமி. வாரம் ரெண்டு தடவை எல்லாத்தையும் கொட்டி, கூண்டை சோப்புப் போட்டுக் கழுவி, புது உமி போடுறோம். மாத்தின ராத்திரியே சண்டை. காலையில பார்த்தா நாலஞ்சுக்கு இடுப்புலயும் வால் அடியிலயும் ரத்தம். ஒன்றுக்கு மட்டும் கீறல்கூட இல்லை. ஏசி 24-ல இருக்கு, சாயங்காலம் அஞ்சரைக்கு அணைச்சிருவாங்க. உள்ள நுழைஞ்சா கண் எரியுது. வெக்கையாலதான் சண்டைன்னு சிலர் சொல்றாங்க. உமிக்குப் பதிலா சோளத்தக்கைத் துகள் (மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கையை அரைச்சது) போட்டா சரியாகுமா? அடிபட்டதைத் தனியா எடுத்து வைக்கலாமா?

சண்டியர்_பிடிப்பவன்:

அடிபட்டதை எடுக்காதீங்க அண்ணாச்சி. அந்தக் கீறல் இல்லாதது இருக்கே, அதை எடுங்க. அதுதான் சண்டியர். மத்ததெல்லாம் ஓடும்போது கடி வாங்கினது, அதான் காயம் பின்பக்கம் இருக்கு. அடிபட்டதை வெளிய எடுத்தா சண்டியர் அடுத்ததைப் பிடிப்பான். ஒரு தடவை பிரிச்சு வச்ச ஆணைத் திரும்ப அதே கூண்டில் விடக்கூடாது, ரெண்டு நாள் ஆனாலும் அந்நியன் மாதிரிதான் பார்க்கும். ஆழமான காயம் உள்ளதையும், சுருண்டு முடி சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறதையும் அன்னைக்கே கால்நடை மருத்துவர் பார்க்கணும். தனியா வச்சா காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, கூடு கட்டுற பொருளை இரட்டிப்பாப் போடுங்க. உடம்புச் சூட்டுக்கு அதுக்குத் துணை கிடையாது.

வெக்கை ஒரு சில்லறைக் காரணம். மாத்தின ராத்திரின்னு நீங்களே எழுதிட்டீங்க, விடை அதுலதான் இருக்கு. ஆண் சுண்டெலிக்கு யார் பெரியவன், யார் சின்னவன் என்கிற கணக்கு எல்லாம் வாசனையில எழுதியிருக்கு. நீங்க வாரம் ரெண்டு தடவை அந்தக் கணக்கை சோப்புப் போட்டு அழிக்கிறீங்க. அது ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப எழுதுது.

அதுக்காகப் பழைய உமியில ஒரு பிடியைப் புதுக் கூண்டில் போட்டுராதீங்க. பலர் செய்ற தப்பு இது. மூத்திரம் பட்ட உமி எல்லைக் குறி, அது சண்டையைக் கூட்டும். கொண்டுபோக வேண்டியது கூடு மட்டும். தூங்குற இடத்துல உள்ளங்கால் வியர்வை வாசனைதான் ஊறியிருக்கும், அது அவங்களை அமைதியா வைக்கும். கூட்டில் ஈரமான பகுதியைப் பிய்ச்சு எறிஞ்சிட்டு, காய்ஞ்ச நடுப்பகுதியை அப்படியே அள்ளிப் புதுக் கூண்டின் ஒரு மூலையில் வைங்க.

உங்க கூண்டில் கூடே இல்லைன்னு நினைக்கிறேன், உமியில கூடு கட்ட முடியாது. மணமோ நிறமோ இல்லாத டிஷ்யூ, இல்லாட்டி அச்சு மை படாத தாளை நாடாவா நறுக்கி, கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் போடுங்க. பஞ்சு வேண்டாம், பனைநார் தேங்காய் நாரும் வேண்டாம். மெல்லிய இழை கால்ல சுத்தி இறுகிட்டா கால் வீங்கிக் கறுத்துரும், குட்டி உள்ள கூண்டுன்னா இன்னும் மோசம். பாய் நெய்யிற பத்தமடையில கோரைத் துண்டு சும்மா கிடைக்கும்னு யாராவது சொன்னா, சாயம் ஏறினதைத் தொடாதீங்க. ஒரே வாசல் உள்ள பிளாஸ்டிக் குடிசையும் ஆண்களுக்கு ஆகாது. சண்டியர் வாசல்ல உட்கார்ந்துக்குவான்.

எண்ணிக்கைக்கு வருவோம். 25 கிராம் தாண்டின சுண்டெலிக்குத் தலைக்கு 97 சதுர செ.மீ. தரை வேணும். 29×22 என்பது மேல்விளிம்பு அளவு. இந்த மாதிரிக் கூண்டு அடியில குறுகியிருக்கும், டேப் வச்சு அளங்க. 26×19 வந்தா 494 சதுர செ.மீ., அதாவது அஞ்சு எலி. எட்டுக்கு இடமே இல்லை. ஆணுக்கு நான் மூணுக்கு மேல சொல்லமாட்டேன்.

பண்ணைக்காரங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: ஒரே ஈத்துக் குட்டிகளா, 21 நாளில் பால் மறக்கும்போதே சேர்த்து வச்சதா, இல்லை எடை பார்த்துக் கலந்து அனுப்பினதா? எட்டு வாரத்துல கலந்து அனுப்பினதுன்னா இங்க என்ன செஞ்சாலும் பாதிதான் அடங்கும். ஆய்வுக்குப் பெட்டை போதும்னா பெட்டை வாங்குங்க, அதுகளை எந்த வயசுலயும் சேர்த்து வைக்கலாம்.

அம்பை_வெட்:

கடியைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை. கண் எரிச்சல் வேறு கதை.

அது அம்மோனியா. மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கிறது. ஈரம் கூடினால் வேகம் கூடும். மே மாதத்திலேயே கண் எரிகிறது என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெல் உமியின் மேல்தோலில் சிலிக்கா இருப்பதால் அது நீரை அதிகம் உறிஞ்சாது. மூத்திரம் கீழே இறங்கித் தேங்கும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். சோளத்தக்கைத் துகள் நன்றாக உறிஞ்சும், 2 செ.மீ. கனம் போதும். ஆனால் படுக்கக் கரடுமுரடானது, மேலே தாள் கூடு இருந்தால்தான் எலிக்குச் சுகம். உமியைத் தொடர்வதென்றால் தூசி போகச் சலியுங்கள். மில் குடோனில் ஊர் எலி மூத்திரம் பட்டிருக்கும், ஆகவே துணிப்பையில் பாதியளவு நிரப்பி 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்), பிறகு முழுக்க உலர்த்துதல். ஈரத்தோடு கட்டி வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை. மர அறுவை மில் தூள் வேண்டவே வேண்டாம், என்ன மரம், என்ன கரையான் மருந்து என்று யாருக்கும் தெரியாது.

மூன்று எலி, உறிஞ்சும் படுக்கை என்றால் வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். சண்டையும் அதனாலேயே குறையும்.

ஸ்ப்ளிட் ஏசி புதுக் காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருக்கும் அம்மோனியாவையே குளிரவைத்துத் திருப்பி ஊதும். மணிக்கு 10 முதல் 15 முறை அறைக் காற்று மாற வேண்டும். 4×3×3 மீட்டர் அறை 36 கன மீட்டர். 12 முறைக்கு மணிக்கு 432 கன மீட்டர். வெளியேற்று விசிறியில் எழுதியிருப்பது தடையில்லாத ஓட்டம். வலையும் குழாயும் மாட்டினால் குறையும், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். எதிர்ச்சுவரில் வலை போட்ட காற்றுவழி இல்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும்.

அஞ்சரைக்கு ஏசியை நிறுத்துவது எனக்குக் கோபம் வரவைக்கிறது. நம் நாட்டு வழிகாட்டுதல் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். ராத்திரி சுவர்ச் சூட்டில் அறை எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியாது. உச்ச, தாழ் அளவைப் பிடித்து வைக்கும் தெர்மாமீட்டரை மேல்தட்டில் ஒரு வெற்றுக் கூண்டுக்குள் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். எலி இருக்கும் கூண்டின் உள் சூடு அதைவிடவும் கூடுதல். சுண்டெலிக்கு உள்ளங்கால் தவிர வேறெங்கும் வியர்க்காது, எச்சிலை மேலே பூசித்தான் ஆறும். அப்படி மேல்முடி நனைந்து, கைகால் பரப்பிப் படுத்திருந்தால் ஆபத்து.

பாளை_லேப்:

ரொம்ப நன்றி. சண்டியர்களைப் பிரிச்சாச்சு. கூண்டு மாத்தும்போது வாலைப் பிடிச்சுத்தான் தூக்குறோம், அதுல ஏதும் கெடுதலா? அறை முன்னாடி வராந்தாவில் அல்ட்ராசானிக் எலி விரட்டி ஒண்ணு மாட்டியிருக்கு, ஊர் எலி வராமலிருக்க.

சண்டியர்_பிடிப்பவன்:

எலி வளர்க்கிற அறை வாசல்ல எலி விரட்டியா! இன்னைக்கே கழட்டுங்க. சுண்டெலிக்கு 80, 90 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் காது கேட்கும், நமக்கு 20-லயே முடிஞ்சிரும். ஊர் எலிக்குக் கதவடியில தகரப் பட்டை அடிச்சு, தீவன மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி மூடிவைங்க. எறும்புக்கு ரேக் காலைத் தண்ணிக் கிண்ணத்துல வைங்க, எறும்புச் சாக்பீஸ் வேண்டாம், அது பூச்சிமருந்து.

வாலைப் பிடிச்சுத் தூக்குறதுக்குப் பதிலா குழாய். 50 மி.மீ. குழாயை 13 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால தேய்ச்சுருங்க. எலியை வழிகாட்டினா அதுவா உள்ள போகும், ரெண்டு முனையையும் கையால பொத்தித் தூக்கிப் புதுக் கூண்டில் சாய்ச்சு விடுங்க. வாலில் தூக்கினதைவிட இதுல பயம் குறைவுன்னு 2010-லேயே காட்டியிருக்காங்க. ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் குழாய், அது கூண்டுக்குள்ளயே கிடக்கட்டும். ஒரே குழாயைச் சுத்திக் கொண்டுபோனா அடுத்த கூண்டு ஆணோட வாசனையையும் சேர்த்துக் கொண்டுபோறீங்க. பெரிய வெள்ளை எலிகள் வேற அறையில இருக்கா? அப்படின்னா சுண்டெலி வேலையை முதல்ல முடிச்சிட்டு அங்க போங்க. பெரிய எலி வாசனை ஏறின கையுறையோட வந்தா சுண்டெலிக்கு வீட்டுக்குள்ள பூனை நுழைஞ்ச மாதிரி.