வீட்டை ஏன் துணியில் தைத்தார்?

கேள்வி: சியோலில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன கலைஞர் டோ ஹோ சூ, தான் வளர்ந்த வீட்டை அதே அளவில் மெல்லிய பட்டுத்துணியில் தைத்து, 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் தொங்கவிட்டார். ஏன் துணி? மரத்திலேயே கட்டியிருக்கலாமே?

பதில்: மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகத்தான். காட்சிக்குப் போகும் ஊர்களின் பெயர்கள் படைப்பின் தலைப்பிலும் சேர்ந்துகொண்டே போகும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பதில்: சரி, ஆனால் துணியில் இன்னொன்றும் இருக்கிறது. சுவரும் தெரியும், சுவருக்கு அப்பால் நிற்பவரும் தெரிவார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வீட்டு நினைவு அப்படித்தான், கண்ணுக்குத் தெரியும், சாய்ந்துகொள்ள முடியாது.

பதில்: யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனனின் வேலையையும் பாருங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை, விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். நானும் அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் வரைந்தது கிணற்றை.