ஏ.எல்லுக்கு என்ன பாடம் எடுப்பது? கமராவைத் தொழிலாக்க ஆசை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. ஓ.எல் (சாதாரண தரம்) எழுதியாச்சு, இனி ஏ.எல்லுக்கு (உயர்தரம்) பாடம் தெரிவுசெய்ய வேண்டும். படம் எடுப்பதையே தொழிலாக்க விருப்பம்.

மாமாவின் பழைய நிக்கோன் கமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான் கையில். விடியவே வாவிப் பக்கம் போய் வலை வீசுபவர்களை எடுப்பேன். ஷட்டரை 1/1000 செக்கனுக்கு வைத்தால் படத்தில் வலை விரிந்தபடி அப்படியே நிற்கும், ஓரத்து ஈயக்குண்டுகூடத் தெரியும். ஆனால் ஊரில் காசு வருவது கலியாணத்திலும் சாமத்தியவீட்டிலும் (பூப்புனித நீராட்டு விழா)தானாம். அதுவும் பிடிக்கும், ஆல்பத்தில் ஆளை நிலாவில் உட்காரவைப்பதைத் தவிர!

அப்பா கொமர்ஸ் எடு என்கிறார். எனக்கோ கலைப்பிரிவில் சித்திரமும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்து, பிறகு இங்கேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகலாமா என்று யோசனை. அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள், கமரா வேலை எவ்வளவு பழக்குவார்கள்? இல்லாவிட்டால் கொமர்ஸே படித்துக்கொண்டு, சனி ஞாயிறில் ஸ்டூடியோவில் நின்று தொழில் பழகுவதுதான் நல்லதா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கலியாணம் எடுக்கும் அண்ணாமாருக்கு லைட் பிடிக்க ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும்.