தொடர்புக் கலை மைனர்: ஒலித் தாளை எங்கே வைப்பது?

வேறு துறை மாணவர்களுக்குத் தொடர்புக் கலையை மைனராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடமாக, வகுத்துக்கொண்டிருக்கிறோம். 6 தாள், 18 கிரெடிட். கோட்பாடு, மேடைப் பேச்சு, ஊடகச் சட்டம் எல்லாம் முடிவாகிவிட்டன. இழுபறி செய்முறைத் தாளில்தான்.

ஸ்டுடியோவில் மேஜர் மாணவருக்கே (இதையே முதன்மைப் பாடமாகப் படிப்பவருக்கே) முன்னுரிமை. மைனர்காரர் கையில் பெரும்பாலும் செல்போன்தான். அதில் எடுக்கும் வீடியோ பல நேரம் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவாகும்; நொடிக்கு எத்தனை படம் என்பது கூடிக் குறையும். தனி ரெக்கார்டரில் பிடித்த ஒலியை அதோடு சேர்த்தால் முதல் நிமிடம் பொருந்தும். போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அதனால் நொடிக்கு நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிய பிறகே எடிட்டிங் டைம்லைனில் போடவேண்டும். ஒலியின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள். பதிவின் உச்ச வரம்பான பூஜ்ய டெசிபலில் முட்டி உடைந்த குரலை எந்த ஃபில்டரும் முழுசாக மீட்காது. (விளக்குவதைவிட ஒருமுறை உடைத்துக் காட்டுவது சுலபம்.)

இத்தனையையும் வீடியோ தாளுக்குள் திணித்தால் எடிட்டிங்குக்கு நேரமில்லை. ஒலியை முந்தைய செமஸ்டரில் தனித் தாளாக வைத்தால், முன்தகுதியாக முடிக்கவேண்டிய தாள்களின் வரிசை நீண்டு, மூன்றாம் ஆண்டில் சேருபவர் மாட்டிக்கொள்வார். மைனர் நடத்துபவர்கள் எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்? ஒரே தாளை மேஜர், மைனர் இரண்டிலும் கணக்கில் காட்ட எத்தனை கிரெடிட் வரை விடுகிறீர்கள்? செமஸ்டர்வாரியான தாள் வரிசையை அப்படியே கமெண்டில் போட்டாலும் போதும்.