முழுநேர ஆய்வாளர் எல்லோருக்கும் உதவித்தொகை வேண்டுமா, ஜே.ஆர்.எஃப். என்ற மத்திய அரசு ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மட்டும் போதுமா?

வைகைக்கரை:
எங்கள் துறையில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எனக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே கைடு, ஒரே வருகைப் பதிவேடு. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதைப் பெற்றுத் தரும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் அந்த மதிப்பெண் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நான் கேட்பது வேறு. முழுநேரம் என்று பதிவு செய்தால் வேறு எங்கும் சம்பளத்துக்குப் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வேலைக்கும் போகக்கூடாது, பணமும் தரமாட்டோம் என்றால் அந்த ஆள் எதை வைத்துச் சாப்பிடுவது? வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டும் ஆராய்ச்சி செய்தால் போதும் என்றுதானே ஆகிறது?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத பி.எச்டி. மாணவர்களுக்கு மாதம் 8,000 கொடுக்கிறார்கள். 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதை நிறுத்தப் பார்த்தபோது டெல்லி மாணவர்கள் யுஜிசி அலுவலகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள், தொகை தப்பித்தது. ஆனால் அது மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திருவாரூரிலோ புதுச்சேரியிலோ மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்குக் கிடைப்பது, நம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது? சேர்க்கை கொடுத்த எல்லா முழுநேர ஆய்வாளருக்கும் மாதம் 15,000 ரூபாயாவது தமிழ்நாடு அரசு அடிப்படைத் தொகையாகத் தரவேண்டும் என்பது என் கோரிக்கை.

ஓய்வுபெற்ற வழிகாட்டி:
உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறதம்மா. பல வருடம் வழிகாட்டியாக இருந்தவன், சாப்பாட்டுக்கே திண்டாடிய மாணவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் எல்லோருக்கும் கொடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பி.எச்டி. சேர்க்கை எப்படி நடக்கிறது என்று நீங்களும் அறிவீர்கள். பல இடங்களில் நுழைவுத் தேர்வு ஒரு சடங்கு. வழிகாட்டி கையில் இடம் காலியாக இருந்து, அவர் சரி என்று சொல்லிவிட்டால் சேர்க்கை முடிந்தது. யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இப்போது யாருக்கும் பணம் இல்லாததால் உண்மையிலேயே படிக்க நினைப்பவர்தான் முழுநேரத்துக்கு வருகிறார். நாளைக்கே 15,000 என்று அறிவித்துப் பாருங்கள், அத்தனை இடமும் சிபாரிசில் நிரம்பும். நெட் தேர்வில் குறை ஆயிரம் இருக்கட்டும், அங்கே யாரும் யாருக்கும் போன் போட்டு மதிப்பெண் வாங்கித் தர முடியாது. கிராமத்திலிருந்து வரும், பின்புலம் இல்லாத பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்று நம்புகிறேன்.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் சரியில்லை. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று 2023-ல் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி வழியாகத் தேர்வு வைத்தார்கள். மாதம் 25,000, மூன்று வருடத்துக்கு.

வைகைக்கரை:
ஐயா, அந்தத் திட்டத்தில் எத்தனை பேர்? கலைப் பாடங்களுக்கு 60, அறிவியலுக்கு 60. மாநிலம் முழுக்க 120 பேர்.

நெட் யாருக்கும் சாய்வு இல்லாதது என்கிறீர்கள். வரலாறு, பொருளியல், சமூகவியல் எதுவானாலும் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ் இலக்கியம் எடுத்தவருக்குக்கூடப் பாடத்துக்கான இரண்டாம் தாள் மட்டும்தான் தமிழில், பொதுவான முதல் தாள் மறுபடி ஆங்கிலம் அல்லது இந்தி. பள்ளியிலிருந்து எம்.ஏ. வரை தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். இந்தி தெரிந்த மாணவர் தன் தாய்மொழியில் கேள்வியைப் படிக்கிறார், நான் மொழிபெயர்த்துக்கொண்டு படிக்கிறேன். இதில் சாய்வு இல்லையா? 2024 ஜூன் 18-ஆம் தேதி 9 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள், மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கியது. ஜே.ஆர்.எஃப்.-க்கு வயது வரம்பும் உண்டு என்பதால் அந்த மாதங்கள் சிலருக்குக் கடைசி வாய்ப்பு.

அப்புறம், கொள்குறி வினாவுக்கு விடை தெரிவதும் ஆய்வு செய்வதும் ஒன்றல்ல. நான் வேலை செய்வது 19-ஆம் நூற்றாண்டு வருவாய்த்துறை ஆவணங்களில். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், எந்த வருடம், எந்தத் துறை, எந்த எண் என்று சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கட்டு வந்தபிறகு, தொட்டால் உதிரும் தாளில் அந்தக் காலத்துக் கையெழுத்தை வரிவரியாகக் கையால் எழுதி எடுக்க வேண்டும். கேட்ட கட்டு கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் தங்கவேண்டும். சென்னையில் ஒரு நாள் தங்கினால் என்ன செலவு என்று எல்லோருக்கும் தெரியும். பணம் தீர்ந்ததால் பாதியில் மூடிவைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிய ஆவணத் தொடர் ஒன்று இன்னும் அப்படியே கிடக்கிறது. அது என் ஆய்வில் ஒரு இயலின் ஓட்டை. எந்த நெட் மதிப்பெண்ணும் அதை அடைக்காது.

ஆய்வகத்து ராத்திரி:
நான் வேதியியல், ஜே.ஆர்.எஃப். முடித்து இப்போது அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். 31,000-த்திலிருந்து 37,000, எஸ்.ஆர்.எஃப். 35,000-த்திலிருந்து 42,000 ஆனது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் கைக்கு எப்படி வருகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன்.

மாதாமாதம் வருகைச் சான்றில் கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து. அங்கிருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒருவர் மேக்கர் ஐடியில் கனரா வங்கி போர்ட்டலில் பதிவு செய்வார், இன்னொருவர் செக்கர் ஐடியில் ஒப்புதல் கொடுக்கவேண்டும். செக்கர் விடுப்பில் போனால் அந்த மாதம் தள்ளிப்போகும். ஜே.ஆர்.எஃப்.-லிருந்து எஸ்.ஆர்.எஃப்.-க்கு மாறும்போது குழு கூட்டி மதிப்பிட வேண்டும், வெளி உறுப்பினர் தேதி கொடுக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்தச் சமயத்தில் பல மாதம் எதுவும் வரவில்லை. கரைப்பான் பாட்டிலும் சிலிக்கா ஜெல்லும் கைக்காசில் வாங்கினேன், சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை எடுக்க வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய சாம்பிளுக்கும் கடன்தான். அறிவியல் பாடத்துக்கு கன்டின்ஜென்சி என்ற ஆய்வுச் செலவுத் தொகை முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000. கரிம வேதியியல் செய்பவர் யாரையாவது அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால் புதுத்தொகை கேட்பதற்கு முன், அறிவித்த தொகை ஒன்றாம் தேதி கணக்கில் விழ வழி செய்யுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

தறிக்காரர் மகன்:
வைகைக்கரை தோழர் சொல்வதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இருக்கிற பணத்தையே பிரித்துக் கொடுத்தால் என்ன? ஐஐடியிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 70,000 என்று ஆரம்பிக்கிறது. ஜே.ஆர்.எஃப். 37,000. அதே நாட்டில், அதே பட்டத்துக்கு, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. மேலே இருப்பதைக் கொஞ்சம் குறைத்தால் கீழே எத்தனை பேர் பிழைப்பார்கள்!

நான் முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறியவன். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். நாள் முழுக்க வகுப்பு, மாலையில் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கு ஃபைல் தயாரிப்பு, சேர்க்கை சீசனில் வீடு வீடாகப் போய் பிள்ளை பிடிக்கவேண்டும். ஆய்வுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. முழுநேரத்தில் 15,000 கிடைத்திருந்தால் நான் மாறியிருக்கவே மாட்டேன்.

ஆய்வகத்து ராத்திரி:
இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. 37,000 ஆடம்பரச் சம்பளம் இல்லை. எம்.எஸ்சி. முடித்து மருந்து கம்பெனிக்குப் போன என் கூட்டாளிகள் கல்யாணம் முடித்து வீடு கட்டுகிறார்கள். எனக்கு வருவதில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது, அம்மா மருந்துச் செலவு அதில்தான். ஆராய்ச்சிக்கு அரசு ஒதுக்குவதே போதாது என்று கேட்கவேண்டிய இடத்தில், நமக்குள்ளேயே யார் தட்டிலிருந்து எடுப்பது என்று பேச ஆரம்பித்தால் நிதித்துறைக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

வைகைக்கரை:
தம்பி சொல்வது சரி. யாருடைய தொகையையும் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஓஹையோ தமிழன்:
நான் அமெரிக்காவில் பொறியியல் பி.எச்டி. செய்கிறேன். இங்கே என் துறையில் சேர்க்கைக் கடிதத்திலேயே கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் எழுதி வரும். அதற்குப் பதிலாக டி.ஏ. என்ற கற்பித்தல் உதவியாளர் வேலை: இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு, விடைத்தாள் திருத்தம். துறையிடம் பணம் இருக்கும் அளவுக்குத்தான் ஆள் எடுப்பார்கள். இதற்காகச் சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். 2022 நவம்பரில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்ததே வாடகை கொடுக்க முடியவில்லை என்றுதான். ஆனால் பணம் இல்லாமல் முழுநேர இடம் கொடுப்பது என்பது என் துறையில் அநேகமாக இல்லை. அங்கேயும் ஆய்வாளர்களை வகுப்பெடுக்க வைத்துச் சம்பளம் கொடுக்கலாமே?

தறிக்காரர் மகன்:
நண்பரே, அந்த வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே பல வருடம் ஓட்டுகிறார்கள். யுஜிசி 2019-ல் சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை. இங்கே அதில் பாதிக்கே போராடவேண்டியிருக்கிறது. 15,000-க்கு ஆய்வாளர் கிடைப்பார் என்றால் கௌரவ விரிவுரையாளரையும் வெளியே அனுப்பிவிட்டு நம் தலையில் கட்டுவார்கள். வாரத்துக்கு இத்தனை மணிநேரத்துக்கு மேல் வகுப்பு கிடையாது என்று அரசாணையிலேயே இருந்தால் ஒழிய டி.ஏ. வேண்டாம்.

ஓய்வுபெற்ற வழிகாட்டி:
ஓஹையோ தம்பி சொன்னதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. பணம் இருக்கும் அளவுக்குத்தான் ஆள். நான் சொல்வதும் அதுவே. முதலில் இடத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் பணம் கேளுங்கள். வழிகாட்டிக்கு எட்டுப் பேர் என்றால் எட்டையும் நிரப்பியே தீரவேண்டும் என்று இல்லை. இரண்டு பேரை எடுத்து, இரண்டு பேருக்கும் பணம் கொடுத்து, ஒழுங்காக ஆய்வு செய்ய வையுங்கள். இன்று சேர்பவர்களில் எத்தனை பேர் ஆய்வேட்டை முடிக்கிறார்கள், காசு கட்டிக் கட்டுரை போடுவது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையெல்லாம் பேசாமல் தொகையை மட்டும் பேசுவது நியாயமில்லை.

வைகைக்கரை:
இடத்தைக் குறைத்தால் முதலில் வெளியே நிற்பது யார் ஐயா? தமிழ்வழியில் படித்த, குடும்பத்தில் முதல் பட்டதாரியான, கைடு வீட்டுக்குப் போய்ப் பழகத் தெரியாத பெண்கள்தான். சிபாரிசு பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால், எட்டு இடத்தில் நடக்கும் சிபாரிசு இரண்டு இடத்தில் இன்னும் கடுமையாகத்தானே நடக்கும்?

ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பி.எச்டி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. மாதத்துக்குப் பார்த்தால் 8,000 சொச்சம். அதை வாங்கி ஆய்வேட்டை முடித்து, இன்று கல்லூரியில் பாடம் நடத்துபவர்களை எனக்கு நேரில் தெரியும். அந்த ஊக்கத்தொகைக்கு நெட் மதிப்பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

தரம் குறையும் என்ற பயத்துக்கு நானே ஒரு வழி சொல்கிறேன். முதல் வருடம் எல்லோருக்கும் கொடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டு மதிப்பீட்டில் தேறினால் மட்டும் தொடரட்டும். நுழைவாயிலில் ஒரு தேர்வை வைத்து ஐந்து வருடத்துக்கு முடிவு கட்டாமல், வருடா வருடம் என் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற வழிகாட்டி:
மதிப்பிடுவது யார்? ஆய்வாளரின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் வெளி உறுப்பினர் பெயரை வழிகாட்டியே எழுதிக் கொடுக்கிறார். இவர் மாணவருக்கு அவர், அவர் மாணவருக்கு இவர். அந்தக் குழு யாரையும் நிறுத்தாது.

வைகைக்கரை:
அப்படியானால் வழிகாட்டி பெயர் கொடுக்கவேண்டாம். வேறு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பட்டியலை உயர்கல்வி மன்றம் வைத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒருவரை அனுப்பட்டும். என் ஆறு மாத அறிக்கையையும், நான் எழுதி எடுத்த குறிப்பேடுகளையும் அவர் முன் வைக்கத் தயார். அப்படி ஒரு குழு இருந்தால் நெட் இல்லாதவர்களுக்கும் தொகை கொடுக்கலாம் என்று சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற வழிகாட்டி:
குழு அப்படி இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்குச் சம்மதிப்பேன். இடங்களைக் குறைக்கவேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

ஆய்வகத்து ராத்திரி:
ஐயா, வெளி உறுப்பினர் இத்தனை நாளுக்குள் தேதி கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் தொகை நிற்காமல் தொடரவேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் எஸ்.ஆர்.எஃப். நின்றது அங்கேதான்.