ஊழியத்துக்கு வந்த இடத்தில் இருவருக்கும் தனித்தனி வேலை வேண்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டு, தம்பதியாகக் கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று வெளிநாடு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் அப்படி வந்தவர்கள்தான். புதிதாக வருபவர்கள் முதலில் விசாரிப்பது விசா, இன்சூரன்ஸ், குளிர். அவற்றையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: அனுப்புகிற சபையிடம் கணவருக்கு என்ன பொறுப்பு, மனைவிக்கு என்ன பொறுப்பு என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல நேரங்களில் ஐயாவின் பெயரில் ஒரு பொறுப்பு இருக்கும். அம்மா கூட வருகிறார், அவ்வளவுதான். காலையில் அவர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த அம்மா மொழி தெரியாத ஊரில், அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல், மாலை வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில மாதத்தில் அவருக்கு ஊர் நினைவு வந்து, தூக்கம் போய், "நாம் திரும்பிவிடலாமா" என்ற பேச்சு வரும். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அழைப்பு இருவருக்கும் வந்தது, வேலை ஒருவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. குறை அங்கேதான்.

சரி, வயதான தம்பதிகள் அங்கே என்னதான் செய்கிறார்கள்? மேடையேறிப் பிரசங்கிப்பது கொஞ்சம்தான். கணக்கு எழுதுவது, கடிதங்களுக்குப் பதில் போடுவது, இளம் ஊழியர்கள் தங்கும் வீடுகளைப் போய்ப் பார்ப்பது, அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, தனியாக இருக்கும் முதியவர்களோடு உட்கார்ந்து பேசுவது, புதிதாகக் குடியேறியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது. சிறிய வேலைகளாகத் தெரியும். ஆனால் வீட்டை விட்டு முதல்முறை தூரமாக வந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு, "சாப்பிட்டாயா" என்று கேட்க ஒரு பெரியவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். இதில் அம்மாக்களுக்கு ஏற்ற வேலை ஏராளம். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் எப்படிப் போகும் என்பது அனுப்பும் சபையைப் பொறுத்தது. பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில், வெளியே மார்மன்கள் என்று அறியப்படுபவர்களிடம், தம்பதிகள் 6, 12, 18 அல்லது 23 மாதம் என்று தேர்ந்தெடுக்கலாம், செலவு அவர்களுடையது. இளம் ஊழியர்களுக்கு உள்ள கண்டிப்பான நேர அட்டவணை மூத்தவர்களுக்குக் கிடையாது. இந்தச் சுதந்திரம் நல்லதுதான், ஆனால் அட்டவணை இல்லாத நாள் சீக்கிரம் கரைந்துபோகும். எழுந்திருக்கும் நேரம், ஜெப நேரம், நடை, வேலை, மதியம் கொஞ்சம் படுக்கை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, ஒன்றும் செய்யாமல் இருக்க என்று ஒதுக்குங்கள். அந்த நாளில் சபைக்காரர்கள் கூப்பிட்டால் மரியாதையாக மறுநாள் வருவதாகச் சொல்லலாம். வடக்கு நாடுகளில் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது வெளியே போகும் வேலைகளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் இந்த இருவர் விஷயம் மறுபடியும் வரும். அமெரிக்காவில் மதப் பணியாளருக்கான ஆர்-1 விசாவில் வருபவரின் துணைக்கு ஆர்-2 கொடுப்பார்கள். ஆர்-2 வைத்திருப்பவர் படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. மனைவிக்கும் உண்மையான பொறுப்பு இருக்கிறது என்றால் அவருக்கும் தனியாக ஆர்-1 கேட்க முடியுமா என்று சபையிடம் முதலிலேயே பேசுங்கள். அதற்கு அந்தச் சபைப் பிரிவில் 2 வருட உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், வாரம் 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும். பிரிட்டனில் சம்பளமில்லாத தொண்டுக்கான விசா அதிகபட்சம் 12 மாதம், மதப் பணியாளர் விசா 24 மாதம். எந்த நாடானாலும், அங்குள்ள நம் குடும்பங்கள் "அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மாதம் ஏதாவது தருகிறோம்" என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அந்தப் பணம் விசாவுக்கு ஆபத்து, வாங்காதீர்கள்.

எங்கே எதைப் பேசலாம் என்பதும் சட்டம்தான். நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். ரஷ்யாவில் 2016-ல் வந்த சட்டம் பொது இடத்திலும் வீடுகளிலும் பிரசங்கிப்பதை இறுக்கியது. நீங்கள் பேசிவிட்டுத் திரும்பிவிடலாம். சிக்கல் அங்கேயே வாழும் விசுவாசிகளுக்குத்தான்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள், விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோகலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து பல நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ளது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாட்டுக்கு 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போகிறீர்கள் என்றால், ஊசி போடும் முன் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த வயதில் அரிதான பக்க விளைவுகளின் ஆபத்து கூடுதல். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே செல்லுபடியாகும்.

இன்னொன்று, மனைவிமாருக்கு நேரடியாகவே சொல்கிறேன். பேருந்தில் தனியாகப் போகப் பழகுங்கள். வங்கி அட்டையின் ரகசிய எண், இன்சூரன்ஸ் எண், அவசர உதவி எண், வீட்டு முகவரி எல்லாம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கட்டும். அவர் மயங்கி விழும் நாளில் அவரிடமே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கணவர்மாரே, சமைக்கவும் துணி துவைக்கவும் இப்போதாவது கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் நாள் முழுவதும் அடுப்படியில் போனால் அவர் எப்போது ஊழியம் செய்வார்?

சபையில் உங்களுக்கு மேல் இருப்பவர் உங்கள் மகன் வயதுக்காரராக இருக்கலாம். அவர் சொல்வதைக் கேட்டு நடப்பது நம் தலைமுறைக்கு எளிதல்ல. முதல் சில மாதம் யோசனை சொல்லாமல் கவனியுங்கள். அப்புறம் அவரே கேட்பார். யாராவது கடன் கேட்டால் கையில் கொடுக்காமல் சபை மூலமாகக் கொடுங்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லை என்றால் உறவு கெடும்.

கடைசியாகக் கடினமான ஒன்று. ஊரில் ஒரு மரணமோ பெரிய நோயோ வந்தால் யார் போவது, இருவருமா ஒருவரா, யாருக்காகப் போவது, யாருக்காகப் போக முடியாது என்பதைப் புறப்படும் முன்பே இருவரும் பேசி முடிவெடுத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். விமான டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாதீர்கள். உங்களில் ஒருவருக்கே அங்கே ஏதாவது ஆனால் அடக்கம் எங்கே என்பதையும் எழுதி வையுங்கள். இன்சூரன்ஸில் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்று பாருங்கள். இதைப் பேசத் தயங்குகிற தம்பதிகளே அதிகம். ஆனால் அந்தத் தொலைபேசி நள்ளிரவில் வரும்போது நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது, ஆகவே இந்த வாரமே பேசுங்கள்.