இடித்த லோரியின் எண் தெரியாது. தவறு அதன்மீதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

யீஷூன்வாசி:
சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நடுத்தடத்தில் தம்பி பைக்கில் போனபோது, இடப்பக்கத் தடத்திலிருந்து லோரி ஒன்று உள்ளே புகுந்து தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால்முறிவு, 6 வாரம் எம்சி (மருத்துவ விடுப்பு). கேமரா இல்லை. நடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. "நீயாகச் சறுக்கி விழுந்தாய்" என்று சொன்னால் எதைக் காட்டுவது?

கோப்புக்கட்டு:
லோரி தட்டியது ஒன்று, அதன் கவனக்குறைவால் தட்டியது இன்னொன்று. முதலாவதை நிரூபிக்காவிட்டால் இரண்டாவதற்குப் போகவே முடியாது.

பைக்கைக் கழுவாதீர்கள், பட்டறைக்கும் விடாதீர்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் அந்தப் பக்கத்து நீளக் கீறல் தார்ச்சாலையில் உரசியது. இடப்பக்கக் கைப்பிடி முனை, கால்மிதி, கண்ணாடித் தண்டு இவற்றில் குட்டையான நசுங்கலோ வேற்று நிறப் பெயிண்டோ இருந்தால், அது சறுக்கலில் வராது. அளவுநாடாவைத் தரையிலிருந்து பிடித்துப் படமெடுங்கள். லோரியின் எந்தப் பாகம் அந்த உயரத்தில் இருக்கும் என்பதை வைத்தே நிபுணர் பேசுவார். ஹெல்மட், சட்டை, காலணியையும் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவக் குறிப்பையும் கவனியுங்கள். அவசரப் பிரிவில் வலியில் "விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் "தானாகச் சறுக்கினார்" என்று எழுதியிருப்பார்கள். பின்னால் அந்த ஒரு வரியே முதலில் நீட்டப்படும். இப்போதே டாக்டரிடம் முழுதாகச் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

விளக்குக்கம்பம்:
995க்கு ஆம்புலன்ஸ் அழைப்பு எத்தனை மணிக்குப் போனது, அருகிலிருந்த விளக்குக் கம்ப எண் என்ன, இரண்டையும் போலீஸ் ரிப்போர்ட்டில் போடுங்கள். "காலை 8 மணிவாக்கில், யூனோஸ் பக்கம்" என்றால் எந்தக் காணொளியைத் தேடுவார்கள்? கார் கேமராக்கள் பழையதன்மேலேயே பதியும், சிலவற்றில் ஒரு நாள்கூடத் தங்காது. பேஸ்புக்கில் சாட்சி தேடினால் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள். வாகன நிறத்தை நீங்களே சொல்லிவிட்டால் சாட்சியும் அதையே திருப்பிச் சொல்வார், அதற்கு மதிப்பில்லை.

கோப்புக்கட்டு:
சரியாகச் சொன்னார். லோரி கடைசிவரை சிக்காவிட்டால் எம்ஐபி எனப்படும் மோட்டார் காப்புறுதியாளர் பியூரோவிடம் போகலாம். காயம், மரணம் மட்டும்தான். பைக் சேதத்துக்குக் கிடையாது. அது கருணைத் தொகை, உரிமை என்று வாதாட முடியாது. தம்பியின் வேகமும், எந்தத் தடத்தில் இருந்தார் என்பதும் கேள்விக்கு வரும். பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் எரியும்போது சாலையைக் கடந்தவருக்கே, வாகனம் வருகிறதா என்று பார்க்கவில்லை என 15 விழுக்காடு பொறுப்பு வைத்தது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016ல். லோரி பிறகு பிடிபட்டால் வழக்குக்கு விபத்து நாளிலிருந்து 3 ஆண்டு.

பைக்கின் காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் போய்விட்டதா? 24 மணி நேரம் அல்லது அடுத்த வேலைநாள்தான் கெடு. தாண்டியிருந்தாலும் இன்றே சொல்லுங்கள்.

உணவுப்பை:
தம்பி அப்போது வேலையாகப் போனாரா? முதலாளி அனுப்பிய வேலை என்றால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்றே நிரூபிக்க வேண்டாம். ஓராண்டுக்குள் கோர வேண்டும். டெலிவரி ஆர்டரை ஏற்றுப் போய்க்கொண்டிருந்தாலும் 2025 ஜனவரி 1 முதல் அந்தப் பாதுகாப்பு உண்டு. அப்படியானால் ஆர்டர் விவரத்தைச் செயலியில் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.